காசிமேட்டுப் பட்டறையில் மீண்டும் ஓடத் தொடங்கிய அவுட்போர்டு இன்ஜின்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில், படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் பல இருக்கின்றன. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்து இன்று காலை மக்கர் செய்யும் இன்ஜினை அவற்றில் எதில் கொண்டுபோய் இறக்கினாலும் அநேகமாக வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் வீட்டு மூலையில் கிடந்த இன்ஜினின் நிலை அப்படியல்ல. அதைக் கெடுத்தது ஓட்டம் இல்லை, சும்மா கிடந்தது. ஆகவே அதைத் தொடும் கைக்கு வேகத்தைவிட வரிசை முக்கியம்: எதை முதலில் கழற்ற வேண்டும், எதைக் கடைசிவரை தொடக்கூடாது என்கிற வரிசை. அந்த வரிசையைத் தெரிந்து, வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் அதைக் கைவிடாத ஒரு பட்டறையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு லேத் கடைக்கும் ஐஸ் பெட்டி விற்கும் கடைக்கும் நடுவே, வாசலில் தண்ணீர் நிரம்பிய நீல நிற டிரம்முடன் இருக்கிறது.

நான் கொண்டுபோனது எங்கள் சித்தப்பாவின் 9.9 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் இன்ஜின். எண்ணூர்ப் பக்கத்து ஃபைபர் படகுகளில் இந்த அளவு இன்ஜினே பரவலாகப் பயன்படுகிறது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போன நாட்களில் சித்தப்பா படகைக் கரையேற்றினார். அந்தச் சூழலில் இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவவோ, கார்புரேட்டரில் இருந்த எரிபொருளை வடிக்கவோ யாருக்கும் முடியவில்லை. வெளியே ஒட்டிய கருமையை மட்டும் துடைத்துத் தார்ப்பாய் சுற்றி உள்ளறையில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அவர் மகன் தொழிலுக்குப் போக விரும்புகிறான். புது இன்ஜின் வாங்கும் நிலையில் குடும்பம் இல்லை.

முதலில் வேறொரு பட்டறையில் காட்டினோம். அங்கே இருந்தவர் கவரைத் திறந்து, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோலை விட்டு, உடனே கயிற்றை இழுக்கத் தயாரானார். நல்லவேளையாகச் சித்தப்பாவே தடுத்துவிட்டார். கடலோர வீட்டில் நின்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இதைவிடக் கெடுதலான தொடக்கம் இல்லை. இந்த இன்ஜினில் கிராங்க் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் எரிபொருளில் கலந்து வரும் ஆயிலைத் தவிர வேறு மசகு கிடையாது. நீண்ட காலம் நின்றால் அந்த ஆயில் படலம் வடிந்துவிடுகிறது, உப்புக்காற்று சிலிண்டர் சுவரில் துருவை ஏற்றுகிறது, பிஸ்டன் ரிங்குகள் கரியோடு கரியாகப் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் கொஞ்ச ஆயிலையும் அந்தப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு கயிற்றை இழுத்தால் துருவின் துகள்களே ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே அரைபடும்.

காசிமேட்டுப் பட்டறையில் நடந்தது நேர் எதிர். மூத்த மெக்கானிக் இன்ஜினை ஸ்டாண்டில் மாட்டியதும், பழக்க தோஷத்தில் கயிற்றுப் பிடியைத் தொட்ட என் தம்பியிடம், “இப்ப இழுக்காத தம்பி, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு அப்பறம் இழுக்கலாம்” என்றார். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, டூ ஸ்ட்ரோக் ஆயிலோடு சிறிது டீசல் கலந்து இரண்டு துளைகளிலும் ஊற்றி, பழைய துணியால் அடைத்துவிட்டு, அன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஃப்ளைவீலைக் கையால், அதுவும் கடிகார முள் சுற்றும் திசையில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். எதிர்த்திசையில் திருப்பினால் தண்ணீர்ப் பம்பில் ஒருபக்கமாக வளைந்திருக்கும் ரப்பர் இதழ்கள் மறுபக்கம் புரண்டு முறியக்கூடும் என்பதே காரணம். இதை நாங்கள் கேட்காமலே விளக்கினார். இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. வேலை பார்க்கும்போது பக்கத்தில் நிற்க விடுகிறார்கள், ஏன் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளக் வயர்கள் இரண்டையும் இன்ஜின் உடம்போடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, அதன் பிறகே கேஜை மாட்டினார்கள். வயர்களை அந்தரத்தில் விட்டுக் கயிற்றை இழுத்தால் போக வழியில்லாத மின்னழுத்தம், ஸ்பார்க்கை உண்டாக்கும் சிடிஐ பெட்டியைக் கெடுக்கக்கூடும் என்பதால் இந்த எர்த் அவசியம். கேஜ் காட்டிய அளவைக் கண்டு நான் கவலைப்பட்டேன். ஆனால் மெக்கானிக், பெட்ரோல் இன்ஜினோடு இதை ஒப்பிடக்கூடாது என்றார். மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு குறைவு. அழுத்தம் அதிகமானால் அது நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தட்டும். அதனால் மண்ணெண்ணெய் இன்ஜின்களைத் தொழிற்சாலையிலேயே குறைந்த கம்ப்ரஷனோடு வடிவமைக்கிறார்கள். எனவே அளவு குறைவாக இருப்பதைவிட, இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். எங்கள் இன்ஜினில் கீழ் சிலிண்டர் கணிசமாகக் குறைத்துக் காட்டியது. மறுபடியும் ஆயில் ஊற்றி ஊறவிட்டு, கையால் திருப்பி, ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, சுவரில் இருந்த மெல்லிய துருவை ஆயில் தோய்த்த மிக நைசான உப்புத்தாளால் துடைத்த பின், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயின. ரிங் செட் மாற்றவேண்டும் என்று அந்த முதல் அளவை வைத்தே அவர்கள் பணம் கேட்டிருக்கலாம், நாங்களும் கொடுத்திருப்போம். கேட்கவில்லை.

தண்ணீர் போகும் வழியில்தான் அதிக நேரம் செலவானது, அதிகத் திறமையும் அங்கேதான் வெளிப்பட்டது. அவுட்போர்டு இன்ஜின் கடல்நீராலேயே குளிர்கிறது. கீழே உள்ள சல்லடை வழியாக நீர் ஏறி, பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரால் தள்ளப்பட்டு, சிலிண்டரைச் சுற்றி ஓடி, பெரும்பகுதி புகையோடு கீழே இறங்கும், மீதி சிறு தாரையாகக் கவருக்கு வெளியே பீய்ச்சும். கழுவாமல் நிறுத்தினால் அந்தப் பாதை முழுவதும் உப்பு கெட்டியாகிறது. எங்கள் இன்ஜினில் சல்லடையில் எண்ணெய்ப் பிசின் இறுகியிருந்தது, தெர்மோஸ்டாட் உப்பில் புதைந்திருந்தது, இம்பெல்லரின் இதழ்கள் வளைந்த நிலையிலேயே விறைத்து ஒன்றிரண்டு வேரில் வெடித்திருந்தன.

இம்பெல்லரை அடைய இன்ஜினின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, பிரிக்க வேண்டும், பிரிக்க போல்ட்டுகள் அசைய வேண்டும். அலுமினிய உடம்பில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் முறுக்கி, நடுவே உப்புநீர் புகுந்தால், அலுமினியம் அரித்து வெண்பொடியாகப் பெருகி போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அதைப் பலமாகத் திருகினால் தலை முறியும், இல்லையென்றால் அலுமினிய மரையே பிய்ந்து வரும். இவர்கள் ஒவ்வொரு போல்ட்டையும் ஊடுருவும் ஆயிலில் நனைத்து, சுற்றியுள்ள அலுமினியத்தை மட்டும் சூடாக்கி, இறுக்கும் திசையில் ஒரு நூல், தளர்த்தும் திசையில் ஒரு நூல் என்று அசைத்து அசைத்தே எடுத்தார்கள். அப்படியும் ஒன்று முறிந்தது. அதைப் பக்கத்து லேத் கடையில் நடுவே துளையிட்டு எடுத்து, பழைய மரை கெடாமல் மீட்டுத் தந்தார்கள். அதற்கான கூலியை எங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் நீர் புகாத கிரீஸ் தடவினார்கள். அடுத்த முறை யார் கழற்றினாலும் அவர் இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சிலிண்டர் பக்கத்து மூடியைத் திறந்து உப்பைச் சுரண்டியதைப் பார்த்தபோது, கயிற்றை இழுத்து அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது புரிந்தது. இன்ஜின் ஒருவேளை ஓடியிருக்கும். வெளியே சிறு தாரை கூடப் பீய்ச்சியிருக்கும். ஆனால் மேல் சிலிண்டருக்குத் தண்ணீர் போயிருக்காது, சிறிது நேரத்தில் பிஸ்டன் இறுகியிருக்கும். முறிந்த இம்பெல்லர் இதழ்களின் துண்டுகளை எண்ணிச் சேர்த்துப் பார்த்தார் மெக்கானிக். ஒரு துண்டு குறைந்தது. தண்ணீர்க் குழாயைக் கழற்றி ஊதி அந்தத் துண்டை எடுத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார். இப்படித் துண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் பட்டறையை நம்பி இன்ஜினை விடலாம்.

கியர் பெட்டியின் அடி ஸ்க்ரூவைத் திறந்ததும் வந்த ஆயில் பால் கலந்த டீ போல இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. புரொப்பெல்லரைக் கழற்றியபோது அதன் பின்னால் நைலான் நரம்பு சுற்றி இறுகி ஆயில் சீலை அறுத்திருந்தது. நம் பக்கத்து இன்ஜின்களில் சீல் போவதற்கு இது அடிக்கடி காணும் காரணம். இன்ஜின் நன்றாக ஓடினாலும் அவ்வப்போது புரொப்பெல்லரைக் கழற்றி நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பேரிங்குகள் துருப்பிடிக்கும் முன் தப்பித்தது எங்கள் அதிர்ஷ்டம். சீல்களை மாற்றி, காற்று அடைத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்து, 90 எண் கியர் ஆயிலை அடித்துளை வழியாக மேல்துளையில் வழியும்வரை ஏற்றினார்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கி ஆயில் குறைந்துவிடும். ஸ்க்ரூக்களின் வாஷர்கள் இரண்டையும் புதிதாகப் போட்டார்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி, ஆயிலும் மண்ணெண்ணெய்க் கசடும் சேர்ந்து பழுப்பு வார்னிஷாக உறைந்திருந்தது. முழுவதும் பிரித்துக் கிளீனரில் ஊறவைத்தார்கள். ஐட்லிங்குக்கு எரிபொருள் தரும் பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகி, பிறகு எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் சீராக இருக்காது. இவர்கள் ஊறவைத்து, காற்றடித்து, கடைசியில் மெல்லிய தூண்டில் நரம்பை நுழைத்துச் சுத்தம் செய்தார்கள். எரிபொருள் பம்பின் டயஃப்ரம் விறைத்திருந்ததால் மாற்றினார்கள். பெட்ரோல் ஓஸையும் கைப்பம்பையும் மாற்றச் சொன்னபோது நான் தயங்கினேன், அவை வெளியே நன்றாகவே தெரிந்தன. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, உள்சுவர் இளகி உதிர்ந்து ஜெட்டை மறுபடியும் அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், கேனில் மாதக்கணக்கில் பெட்ரோலைச் சேர்த்து வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஓஸை அறுத்து உள்பக்கத்தைக் காட்டிய பிறகு எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மின்சாரப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்பார்க் இருந்தது. பிளக் தொப்பிகளையும் பிளக்குகளையும் மாற்றி, பச்சை பூத்திருந்த எர்த் இணைப்பைச் சுரண்டினார்கள். அவசரத்துக்கு இழுத்து நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்தார்கள்.

எரிபொருளில் ஆயில் கலப்பதில் பட்டறையின் கண்டிப்பை வரவேற்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கான 2டி ஆயிலை ஊற்றக்கூடாது, தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கென்று டிசி-டபிள்யூ3 தரம் குறித்த ஆயிலையே வாங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மோட்டார் சைக்கிள் ஆயில்களில் சாம்பல் தரும் சேர்க்கைகள் இருக்கும், அவை பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். வழக்கமாகப் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. நீண்ட ஓய்வுக்குப் பின் முதல் டேங்குக்கு மட்டும் 40 மில்லி கலக்கச் சொன்னார்கள். கண்ணளவில் ஊற்றாமல், மருந்துக்கடை அளவுக் குப்பியில் அளந்தே கலந்தார்கள்.

அதன் பிறகுதான் கயிறு. டிரம்மில் தண்ணீர், புரொப்பெல்லருக்கு மேலுள்ள காவிட்டேஷன் தட்டுக்கு மேல் நிற்கும்படி இறக்கி, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்தார்கள். உள்ளே ஊற்றிய ஆயில் எரிந்து தெருவே வெள்ளைப் புகையானது. சித்தப்பா புகையைப் பார்க்கவில்லை, தண்ணீர்த் தாரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்தது, கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும்படி அணைத்தார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த நாள் குளிர்ந்த இன்ஜின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. டிரம்மில் முழு வேகம் கொடுத்துப் பார்க்க மறுத்ததும் சரியே. அந்தச் சோதனையை எண்ணூர் முகத்துவாரத்தில் படகில் மாட்டிச் செய்தோம். பாரத்தோடு சீராக ஓடியது, மாற்றும்போது திக்கவில்லை. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினால் நிறம் இளம்பழுப்பு.

குறைகளும் உண்டு. முதலாவது, இன்ஜினின் காலைச் சுத்தம் செய்து அழகாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவர்கள், துத்தநாக அனோடின் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இன்ஜினைக் காப்பதே அந்தத் துண்டின் வேலை. பெயிண்ட் மூடினால் அது வெறும் எடை. சொன்னதும் சுரண்டிக் கொடுத்தார்கள் என்றாலும், இவ்வளவு கவனமான பட்டறையில் இது நேர்ந்திருக்கக் கூடாது. இரண்டாவது, உதிரிபாகங்களில் கம்பெனி அசலும் வெளிச்சந்தைச் சரக்கும் இரண்டும் வைத்திருக்கிறார்கள். கேட்டால் வித்தியாசத்தையும் விலையையும் நேர்மையாகச் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் மலிவானதே பூட்டப்படும். இம்பெல்லருக்கும் சீலுக்கும் அசலையே கேட்டு வாங்குங்கள். எண்ணூர் கழிமுகத்தில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்குள்ள வண்டலும் மணலும் அனல்மின் நிலையச் சாம்பலும் இம்பெல்லரைத் தேய்க்கும் வேகத்துக்கு, நல்ல ரப்பரே சீக்கிரம் தேய்கிறது. மூன்றாவது, பாகங்களுக்குக் கடை ரசீது தந்தார்கள், கூலிக்கு எழுத்தில் எதுவும் இல்லை. மொத்தச் செலவு புது இன்ஜின் விலையில் சிறு பங்குதான். ஆனாலும் என்னென்ன மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் இருந்தால், அடுத்த முறை பார்ப்பவருக்கு உதவும். எங்கள் பட்டியலை நானே எழுதி, தேதியோடு கவரின் உட்புறம் ஒட்டிவைத்தேன்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல் கேனில் சேர்க்கிறார்கள். கடலில் எண்ணெய் மிதந்தால் என்னவாகும் என்பதை அனுபவித்த ஊர்க்காரன் என்ற முறையில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், கரையேறிய படகுகளின் வேலையால் அந்தப் பகுதியின் லேத், வெல்டிங் கடைகள் நிரம்பி வழியும். முறிந்த போல்ட் போன்ற வேலைகள் அப்போது இழுபடும், ஆகவே அதற்கு முன்போ பின்போ கொண்டுபோவது நல்லது. இன்ஜினோடு டேங்க், ஓஸ், புரொப்பெல்லர் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஓடவிட்டுப் பார்ப்பது உங்கள் டேங்கிலேயே நடந்தால்தான் ஓஸிலுள்ள குறையும் அங்கேயே தெரியும். தட்டு வண்டியிலோ குட்டியானையிலோ ஏற்றும்போது கால் பகுதி தலையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் தங்கிய உப்புநீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க வரும் கூட்டத்தில் அந்தத் தெருக்களுக்குள் வண்டி நுழையாது. வார நாளில் ஏலம் ஓய்ந்த பிறகு, முற்பகலுக்கு மேல் போனால் மூத்த மெக்கானிக்கே இருப்பார்.